சுண்ணாம்புக் கோட்டின் கணக்கு

பொங்கலை ஒட்டிப் புத்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்களுக்கு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் பழக்கமான இடம். அண்ணா சாலையில் இறங்கி மரங்களுக்கிடையே நடந்து, கை கொள்ளாத நூல்களோடு திரும்புவார்கள். ஆனால் அந்த வளாகத்தின் சொந்தத் தொழில் வேறு. அடையாற்றங்கரையில் அங்கே இயங்கும் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி, ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி என்று பெயர் பெற்றது. 1920-இல் அதைத் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்று, 1919-இல் சென்னைக்கு வந்தவர். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளர் அவர்தான். அந்த அணியில் அன்றைய சென்னை மாகாணத்துக் கண்ணூரைச் சேர்ந்த சி.கே. லட்சுமணன் தடை ஓட்டம் ஓடினார். பின்னாளில் அவர் இந்திய அரசின் சுகாதாரத் துறைத் தலைமை இயக்குநர் ஆனார்.

பக் வீரர்களைத் தயார் செய்ததோடு நிற்கவில்லை. ‘வியாயாம்’ என்று ஓர் இதழ் நடத்தினார். விளையாட்டு விதிகளைத் தொகுத்து நூலாக்கினார். ஆட்டம் ஆடுவோருக்கு ஒரு பயிற்சி தேவை என்றால், ஆட்டத்தை நடத்துவோருக்கு வேறொரு பயிற்சி தேவை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கல்லூரிகளில் ‘பி.டி. சார்’ என்று மாணவர்கள் கூப்பிடும் உடற்கல்வி இயக்குநர்கள் அந்தப் பயிற்சியின் வாரிசுகள். விசிலும் ஸ்டாப்வாட்சும் கழுத்தில் தொங்க, வெயிலில் நிற்பவர்களாக மட்டுமே நாம் அவர்களைப் பார்க்கிறோம். அவர்கள் கையிலிருக்கும் அறிவு என்ன, அது எங்கிருந்து வருகிறது, யார் அதைக் காப்பாற்றுகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் சுவாரசியமான விடைகள் கிடைக்கின்றன. இரண்டு அணிகள் சமமாக மோதுவது தானாக நடப்பதில்லை. அந்தச் சமத்தை யாரோ கணக்குப் போட்டு உண்டாக்க வேண்டியிருக்கிறது.

இருபத்தொரு அணிகள், இருபது ஆட்டங்கள்

கல்லூரிகளுக்கிடையே ஒரு வாலிபால் போட்டி. 21 அணிகள் பெயர் கொடுத்திருக்கின்றன. நாக்-அவுட் முறையில் நடத்தினால் மொத்தம் எத்தனை ஆட்டங்கள்? சுற்று சுற்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. ஓர் ஆட்டம் ஓர் அணியை வீட்டுக்கு அனுப்புகிறது. கடைசியில் ஓர் அணிதான் மிஞ்ச வேண்டும். ஆகவே 20 அணிகள் வீட்டுக்குப் போக வேண்டும், 20 ஆட்டங்கள். எத்தனை அணி வந்தாலும் அதில் ஒன்றைக் கழித்தால் போதும். மைதானத்தை எத்தனை நாள் கேட்க வேண்டும், எத்தனை பேருக்குச் சாப்பாடு சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு வரியிலிருந்து கிளம்புகிறது.

அடுத்தது ‘பை’. 21 என்பது 2-இன் அடுக்கு அல்ல. 32-தான் அடுத்த அடுக்கு. 32-இலிருந்து 21-ஐக் கழித்தால் 11. பதினோரு அணிகள் முதல் சுற்று ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குப் போகும். மிச்சமுள்ள பத்து அணிகள் ஐந்து ஆட்டம் ஆடும். ஐந்து அணிகள் வெல்லும். ஐந்தும் பதினொன்றும் சேர்ந்தால் 16. அதன்பின் எல்லாம் பாதி பாதியாகக் குறையும். பதினோரு ‘பை’களையும் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிட முடியாது. உடற்கல்விப் பாடநூல்களில் இதற்கு ஒரு வரிசை உண்டு: முதல் பை பட்டியலின் கீழ்ப் பாதியின் கடைசி அணிக்கு, இரண்டாவது மேல் பாதியின் முதல் அணிக்கு, மூன்றாவது கீழ்ப் பாதியின் முதல் அணிக்கு, நான்காவது மேல் பாதியின் கடைசி அணிக்கு. இப்படிப் போட்டுக்கொண்டே போனால் மேல் பாதியின் 11 அணிகளுக்கு ஐந்து பையும், கீழ்ப் பாதியின் 10 அணிகளுக்கு ஆறு பையும் வரும். இரண்டு பக்கமும் எட்டு எட்டு அணிகளாக வந்து நிற்கும். ‘எங்க காலேஜுக்கு மட்டும் ஏன் சார் பை இல்லை?’ என்ற கேள்விக்கு விருப்பு வெறுப்பில்லாத பதில் இது.

நாக்-அவுட்டில் ஒரு குறை இருக்கிறது. அது முதலிடத்தைக் கண்டுபிடிக்கும், இரண்டாமிடத்தைக் கண்டுபிடிக்காது. இரண்டாவது சிறந்த அணி, முதல் சுற்றிலேயே சிறந்த அணியோடு மோதித் தோற்றால் கதை முடிந்தது. இறுதியில் தோற்ற அணி வெள்ளிக் கோப்பையைத் தூக்கும். அது ஐந்தாவது சிறந்த அணியாகக்கூட இருக்கலாம். 1883-இல் இதைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி, டென்னிஸ் போட்டிகளை நடத்துவோரைக் கண்டித்தவர் சார்லஸ் டாட்ஜ்சன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு கணித ஆசிரியர். ஆலிஸின் அற்புத உலகத்தை எழுதிய லூயிஸ் கரோல் அவரேதான். எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் ஆடும் லீக் முறை இந்தக் குறையைத் தீர்க்கும். ஆனால் 21 அணிகளுக்கு அது 210 ஆட்டம். செமஸ்டர் தேர்வு வந்துவிடும். அதனால்தான் நம் பல்கலைக்கழகப் போட்டிகளில் ‘நாக்-அவுட் கம் லீக்’ வழக்கத்தில் இருக்கிறது. கடைசி நான்கு அணிகள் வரை வெட்டிக்கொண்டு வந்து, அந்த நான்கையும் ஒன்றோடொன்று ஆடவிடுவார்கள். போன வருடம் முதலிடங்களில் வந்தவர்களைப் பட்டியலில் தள்ளித் தள்ளி வைப்பதும் இதே நோக்கத்துக்காகத்தான். காலமும் நியாயமும் எதிரெதிராக இழுக்கும்போது எங்கே சமரசம் செய்யலாம் என்று தேடிக் கண்டுபிடித்த இடம் இது.

எட்டாவது லேன் ஏன் முன்னால் நிற்கிறது

விளையாட்டு விழாவுக்கு முந்தைய நாள், கயிறும் டேப்பும் சுண்ணாம்புமாக மண்மைதானத்தில் டிராக் போடுவதைப் பார்த்திருப்போம். 400 மீட்டர் ஓட்டத்தில் வெளி லேன்காரர்கள் முன்னால் நிற்பார்கள். வளைவில் அவர்கள் அதிக தூரம் ஓட வேண்டும், அதற்கு ஈடு. எவ்வளவு ஈடு என்பதுதான் அழகு.

தரமான டிராக்கில் நேர்ப்பகுதி ஒவ்வொன்றும் 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர். ஓடுகிறவர் உள்விளிம்பிலேயே கால் வைத்து ஓட முடியாது. அதனால் முதல் லேனை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பார்கள். இரண்டு நேர்ப்பகுதியும் சேர்ந்து 168.78, இரண்டு வளைவும் சேர்ந்து 231.22, மொத்தம் சரியாக 400. மற்ற லேன்களைக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி அளப்பது விதி. லேனின் அகலம் 1.22 மீட்டர். ஆக இரண்டாவது லேன்காரர் 7.04 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும்; அதற்கப்புறம் லேனுக்கு லேன் 7.67 மீட்டர். எட்டாவது லேனுக்கு வரும்போது 53.03 மீட்டர் ஆகிவிடும்.

இந்த 7.67 எங்கிருந்து வந்தது? 1.22-ஐ இரண்டு பையால் பெருக்கினால் வருகிறது. இந்தப் பை வட்டத்தின் 3.14. இந்தக் கணக்கில் வளைவின் ஆரம் இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். மைதானம் பெரியதா சிறியதா என்பது பொருட்டில்லை. மயிலாப்பூர், தியாகராய நகர் போன்ற நெருக்கமான பகுதிகளில் 400 மீட்டர் டிராக்குக்கு இடம் கிடைப்பது அரிது. 200 மீட்டர் டிராக்தான் போட முடியும். அங்கேயும் ஒரு சுற்று ஓட்டத்துக்கு அதே 7.67 மீட்டர்தான் ஈடு. ஓட்டப்பாதையின் வடிவம் எப்படி நீண்டாலும் சுருங்கினாலும், ஒரு முழுச் சுற்றில் ஓடுகிறவர் ஒரு முழு வட்டம்தான் திரும்புகிறார். லேனின் அகலம் மட்டுமே வித்தியாசத்தைத் தீர்மானிக்கிறது. ஜியோமெட்ரி வகுப்பில் கண்ணில் படாத இந்த உண்மை சுண்ணாம்புக் கோட்டில் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது.

இன்னொரு நுணுக்கம், துப்பாக்கிக்குப் பதிலாக மரக்கட்டைக் கிளாப்பர் வைத்து ஓட்டத்தைத் தொடங்கும் வழக்கத்தில் இருக்கிறது. 100 மீட்டர் ஓட்டத்தில் முடிவுக்கோட்டில் நிற்கும் நேரக் கணிப்பாளர் காதை நம்பக் கூடாது. கிளாப்பரின் இரண்டு கட்டைகளும் மூடுவதைக் கண்ணால் பார்த்து வாட்சை அழுத்த வேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும் நம் ஊர் வெப்பத்தில், 100 மீட்டரைக் கடக்க 0.29 நொடி எடுக்கும். காதை நம்பியவரின் வாட்சில் எல்லா வீரர்களும் கால் நொடிக்கு மேல் வேகம் கூடிவிடுவார்கள். கல்லூரிச் சாதனைப் பட்டியலில் இப்படி எத்தனை கால் நொடிகள் ஒளிந்திருக்குமோ!

பிறந்த மாதம் என்ற ஓட்டை

அளவெடுக்க முடிந்தவற்றை அளவெடுத்தாகிவிட்டது. வயது? இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளில் ஆட 17-இலிருந்து 25 வயதுக்குள் இருக்க வேண்டும். படிப்பை இழுத்துக்கொண்டே போய், ஆட்டத்துக்காக மட்டும் கல்லூரியில் பெயர் வைத்திருப்பவர்களைத் தடுக்கும் வேலி இது. எந்த வயது வரம்புக்கும் ஒரு கணக்குத் தேதி தேவை. அந்தத் தேதி யாரும் எதிர்பாராத வேலை செய்கிறது.

1985-இல் கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய குழுவினரும் பனி ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களைப் பட்டியலிட்டார்கள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி இருந்தார்கள். ஆண்டுக் கடைசியில் பிறந்தவர்கள் குறைவு. கனடாவில் சிறுவர் ஹாக்கிக்கு வயது கணக்கிடும் தேதி ஜனவரி 1. ஜனவரியில் பிறந்த பையன், அதே வருடம் டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது மூத்தவன். பத்து வயதில் ஒரு வருடம் என்பது உயரத்திலும் பலத்திலும் பெரிய வித்தியாசம். பயிற்சியாளர் அதைத் திறமை என்று எடுத்துக்கொள்கிறார். அணியில் சேர்க்கிறார். சேர்த்ததால் நல்ல பயிற்சி கிடைக்கிறது. பயிற்சியால் உண்மையிலேயே திறமை வருகிறது. பிறகு பல நாடுகளில், பல விளையாட்டுகளில் இதே போக்கைக் கண்டார்கள்.

நம் ஊரில் இதை ஆராய்வது இன்னும் சிக்கல். பள்ளியில் சேர்க்கும் வயது வர வேண்டும் என்பதற்காகத் தலைமையாசிரியர் ஒரு தேதியைப் போட்டு எழுதிக்கொண்ட பிறந்தநாட்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. சான்றிதழின் தேதியும் உடம்பின் வயதும் ஒத்துப்போகாத சந்தேகத்தால்தான் கிரிக்கெட் வாரியம் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறது.

கல்லூரிக்கு வந்து சேர்வது இப்படி ஏற்கெனவே சலிக்கப்பட்ட கூட்டம். சல்லடையில் கீழே விழுந்தவர்களில், தாமதமாக வளர்ந்து இப்போது எட்டிப் பிடித்தவர்கள் எங்கோ பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளி அணியில் ஆடாத முதலாண்டு மாணவரையும் மைதானத்துக்குக் கூப்பிட்டுப் பார்க்கும் இயக்குநர், தெரிந்தோ தெரியாமலோ ஆராய்ச்சி சொல்வதைச் செய்கிறார்.

கடற்காற்றும் ஈரத் துணியும்

சென்னையில் மைதானம் நடத்துகிறவருக்கு இன்னொரு எதிரணி வானிலை. பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்தால் வெப்பமானி இறங்கும், ‘அப்பாடா’ என்போம். ஆடுகிறவரின் உடம்புக்கு அது முழு நல்ல செய்தி அல்ல. கடற்காற்று ஈரத்தையும் கொண்டு வருகிறது. உடம்பு சூட்டை வெளியேற்றும் பிரதான வழி வியர்வை. வியர்வை ஆவியானால்தான் குளிர்ச்சி; ஒரு லிட்டர் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி சூடு வெளியேறும். வழிந்து கீழே சொட்டும் வியர்வையால் அவ்வளவு பயன் இல்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் சொட்டுவதுதான் அதிகம்.

இதைக் கணக்கில் கொள்ளும் ஓர் அளவு 1950-களில் உருவானது. அமெரிக்க ராணுவப் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் விழுந்த இளைஞர்களை முன்னிட்டு யாக்லூவும் மினார்டும் 1957-இல் அதை வெளியிட்டார்கள். மூன்று வெப்பமானிகள்: ஈரத் துணி சுற்றியது ஒன்று, கறுப்பு உருண்டைக்குள் வெயிலில் வைத்தது ஒன்று, நிழலில் சாதாரணமாக வைத்தது ஒன்று. இறுதி எண்ணில் ஈரத் துணியின் பங்கு 70 சதவீதம், கறுப்பு உருண்டைக்கு 20, நாம் தினமும் செய்தியில் கேட்கும் சாதாரண வெப்பத்துக்கு வெறும் 10. உடம்பு வெப்பத்துக்குப் பழக ஒன்றரை, இரண்டு வாரம் ஆகும் என்பதும் இதோடு சேர்த்து அறிய வேண்டியது. விடுமுறை முடிந்து வந்த முதல் வாரம்தான் ஆபத்தான வாரம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் 2003-இலிருந்து முதல் ஐந்து நாட்களுக்குப் பயிற்சியைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும் என்று விதியே போட்டுவிட்டார்கள்.

சங்கம் கூடியது ஏன்

அந்த விதியை ஒரு கல்லூரி தனியாகப் போட முடியாது. ஒரு கல்லூரி மட்டும் பயிற்சியைக் குறைத்தால் அடுத்த கல்லூரி முந்திக்கொள்ளும். எல்லோரும் ஒரே நாளில் ஒப்புக்கொண்டால்தான் யாருக்கும் நஷ்டமில்லை. சங்கங்கள் பிறப்பதன் காரணம் இதுதான். 1905-இல் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களில் ஒரே பருவத்தில் 18 இளைஞர்கள் இறந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அதிபர் ரூஸ்வெல்ட் கல்லூரிக்காரர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906-இல் 62 கல்லூரிகள் சேர்ந்து ஓர் அமைப்பு உண்டாக்கின. 1910-இல் அது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் என்ற இன்றைய பெயரைப் பெற்றது. அது கல்லூரிகளின் சங்கம். அந்தக் கல்லூரிகளில் விளையாட்டை நிர்வகிப்பவர்கள் தமக்கென 1965-இல் தனிச் சங்கம் தொடங்கினார்கள். காயங்களைக் கவனிக்கும் பயிற்றுநர்கள் அதற்கு முன்பே, 1950-இல், சங்கம் அமைத்துவிட்டார்கள். விளையாட்டு நிர்வாகத்தை ஆராய்வோர் வட அமெரிக்காவில் 1985-இல் கூடி, இரண்டு ஆண்டுகளில் ஓர் ஆய்விதழும் தொடங்கினார்கள். விதி போடுகிறவர், அதை நடத்துகிறவர், அதன் விளைவை அளக்கிறவர் என்று மூன்று தரப்புக்கும் மூன்று மேடைகள்.

நம் நாட்டில் முதல் மேடை பழையது. 1925-இல் பல்கலைக்கழகங்களிடை வாரியமாகத் தொடங்கி, 1973 முதல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது. நாட்டை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று பிரித்து மண்டலப் போட்டிகளை நடத்துவது, தகுதி விதி எழுதுவது, எந்தப் போட்டியை எந்தப் பல்கலைக்கழகம் நடத்துவது என்று முடிவு செய்வது எல்லாம் அங்கேதான். பல்கலைக்கழகக் கிரிக்கெட்டுக்கான ரோஹின்டன் பாரியா கோப்பை 1935-லிருந்தும், ஒட்டுமொத்தச் சிறப்புக்கான மௌலானா ஆசாத் கோப்பை 1956-57-லிருந்தும் வழங்கப்படுகின்றன. நடத்துகிறவர்களுக்கும் அளக்கிறவர்களுக்குமான மேடைகள் அந்த அளவுக்கு வளரவில்லை. முப்பது வருடம் மைதானத்தில் நின்ற ஒரு பி.டி. சார் ஓய்வு பெறும்போது, எந்த மூலையில் மழைத்தண்ணீர் நிற்கும், எந்த மாதத்தில் எந்தப் போட்டியை வைத்தால் மாணவர் மயங்கி விழுவார் என்ற குறிப்பெல்லாம் அவரோடு போய்விடுகிறது. பக் இதழ் நடத்தியதன் அருமை இங்கேதான் விளங்குகிறது.

ஒரு விஷயத்தில் நம் விதி கறாரானது. கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பணிக்குப் பட்டம், தேர்வு எல்லாம் போதாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி அவரே ஓடிக் காட்ட வேண்டும். 30 வயது வரை உள்ள ஆண் 12 நிமிடத்தில் 1800 மீட்டர். 40 வரை 1500. 45 வரை 1200. 50 வரை 800. பெண்களுக்கு 8 நிமிடம். 30 வயது வரை 1000 மீட்டர். பன்னிரண்டு நிமிட ஓட்டம் என்பது 1968-இல் அமெரிக்க விமானப் படை மருத்துவர் கென்னத் கூப்பர் வெளியிட்ட சோதனை. ஆய்வகத்தில் முகமூடி மாட்டி அளக்க வேண்டிய உச்ச ஆக்சிஜன் உள்வாங்கலை, ஓடிய தூரத்தை வைத்தே ஊகிக்கலாம் என்று காட்டினார். ஓடிய மீட்டரிலிருந்து 504.9 கழித்து 44.73-ஆல் வகுக்க வேண்டும். 1800 மீட்டருக்கு 29 வருகிறது: உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 29 மில்லிலிட்டர் ஆக்சிஜன். வீரருக்கு அது போதாது. வீரரோடு மைதானத்தில் நிற்கப் போகிறவருக்குக் குறைந்தபட்சம் அது.

அடையாறு பக்கத்தில் ஒரு புதுக் கேள்வி

அளக்கிறவர்களின் மேடை இப்போது சென்னையில் மெல்ல உருவாகிறது. மேலக்கோட்டையூரில் விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகத்தைத் தமிழ்நாடு 2005-இல் ஏற்படுத்தியது. சென்னை ஐ.ஐ.டி. விளையாட்டு அறிவியலுக்கும் தரவு ஆய்வுக்கும் ஒரு மையம் அமைத்திருக்கிறது. அதே ஐ.ஐ.டி. 2024-25 கல்வியாண்டு முதல் ஒவ்வோர் இளநிலைப் படிப்பிலும் விளையாட்டு வீரர்களுக்கு இரண்டு கூடுதல் இடங்கள் வைத்தது. இரண்டில் ஒன்று பெண்களுக்கு. நுழைவுத் தேர்வில் தகுதி பெற்றவர்களை, விளையாட்டுச் சாதனைக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துகிறார்கள்.

அந்த மதிப்பெண்ணில்தான் சிக்கல். நீச்சலில் தேசிய வெண்கலம் வாங்கியவரும் சதுரங்கத்தில் தேசிய வெள்ளி வாங்கியவரும் ஒரே இடத்துக்கு நின்றால் யார் முன்னால்? ஒன்றில் ஆயிரம் பேர் போட்டியிட்டிருக்கலாம், இன்னொன்றில் நூறு பேர். வேறு இருவர் என்றால், ஒன்று குழு ஆட்டமாகவும் இன்னொன்று தனியாள் ஆட்டமாகவும் இருக்கலாம். லேனுக்கு லேன் 7.67 மீட்டர் என்று சொல்ல நமக்கு வட்டத்தின் கணிதம் துணைக்கு வந்தது. விளையாட்டுக்கு விளையாட்டு எவ்வளவு முன்னால் நிறுத்துவது என்று சொல்ல அப்படி எந்தச் சூத்திரமும் இல்லை. பல வருடத் தரவைச் சேர்த்து, எந்த மதிப்பெண் முறையால் யார் விடுபட்டார்கள் என்று ஆராய்கிறவரும், விடுபட்ட மாணவரை மைதானத்தில் நேரில் அறிந்த இயக்குநரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தீர்க்க வேண்டிய கணக்கு அது. நந்தனத்திலிருந்து கிண்டி ஐ.ஐ.டி. வாசலுக்குப் பேருந்தில் அதிக நேரம் ஆகாது.